வரப்புக்குக் கீழே ஒரு முக்கோணம்

“வியாழன், ஐப்பசி. காலையில் தூறல், பிறகு வெயில். கன்னியம்மா நிலத்தில் வரப்பு மறுபடியும் வெட்டப்பட்டிருக்கிறது. சாருக்குக் கோபம். மதியம் கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல், நல்ல காரம்.”

இது என் கையெழுத்து. மேலே ‘சித்தூர் ஜில்லா’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். வருடம் எழுதிய மூலையைக் கரையான் தின்றுவிட்டது. கிழமை, மழை, வெயில் எதையும் குறித்து வைக்காமல் படுக்கப் போகாதவள் நான். என்மேல் கரையானுக்கு என்ன பகையோ, அந்தக் காலத்துத் தாள்களில் வருடத்தை மட்டும் தேடிப் பிடித்துத் தின்றிருக்கிறது. செல்போன் கோபுரம் சத்தியவேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வராத காலம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். இன்று அந்த ஊர் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. குன்று அசையவில்லை, ஓடை அசையவில்லை. மாவட்டத்தின் எல்லைதான் எழுந்து நடந்து அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறது.

போன மாதம் ஒரு காலையில் டிகாஷன் இறங்குவதற்காகக் காத்திருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. செம்மண் வரப்பு, அதன் முதுகில் புதிதாக நட்ட ஒரு கல், வெள்ளை பூசியது. பின்னால் வரப்பு வளைகிற இடத்தில் ஒரு புங்க மரம். மரத்தைப் பார்த்ததும் இடம் தெரிந்துவிட்டது, அந்தக் கன்றுக்குக் குழி எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். படத்துக்குக் கீழே செல்வியின் குரல்.

“அக்கா, இந்தக் கல்லு சரியான எடத்துல கீதான்னு பாத்து சொல்லு. அம்மா நேத்துலேந்து ஒண்ணும் துன்னாம உக்காந்துக்கினு கீது. உன்னத்தான் கேக்குது. டியூப் புடிச்ச பொண்ணு எங்க, டியூப் புடிச்ச பொண்ணு எங்கன்னு.”

செல்வி, கன்னியம்மாவின் மகள். டியூப் பிடித்த பெண் நான். டிகாஷன் ஆறிப்போனது. உட்கார்ந்தேன், எழுந்தேன், மாடிக்குப் போய்த் துணி காய்கிறதா என்று பார்த்தேன். அன்று நான் துணி துவைக்கவேயில்லை. கடைசியில் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். மேலே சொன்ன தாள் அதில்தான் இருந்தது. தாள்கட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய். ஒருகாலத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது பழைய நகத்தின் நிறம். மூக்கருகில் கொண்டுபோனால் சுண்ணாம்பும் வெயிலும் கலந்த ஒரு வாசனை. வெயிலுக்கு வாசனை உண்டா என்று கேட்காதீர்கள். பிளாஸ்டிக்கில் ஏறிய வெயிலுக்கு உண்டு.

நான் நகரிக்காரி. தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். இன்டர் தெலுங்கு மீடியத்தில் முடித்தவள், வீட்டில் தமிழ் பேசுகிறவள் என்ற ஒரே தகுதியில் வாட்டர்ஷெட் திட்டத்தில் எனக்கு வேலை கிடைத்தது. திட்டத்து இன்ஜினீயருக்குத் தமிழ் வராது. எல்லைப்பக்க ஊர்க்காரர்களுக்குத் தெலுங்கு வரும், ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. விவசாயம் எனக்கு எவ்வளவு தெரியும் என்றால், முதல் வாரமே ஒரு நிலத்தில் களை என்று நினைத்துக் கடலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, தகரைச் செடிகளைப் பத்திரமாக விட்டுவைத்தேன். இலை இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நான் என்ன செய்வேன். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு, நான் வரப்பில் ஏறினாலே யாராவது, “கடல பத்திரம்டா, மேடம் வருது” என்று குரல் கொடுத்தார்கள்.

எங்கள் அப்பாவுக்கு, நைனா என்போம், தறியில் ஓர் இழை கோணினால் சோறு இறங்காது. நேர்கோட்டை மதித்து வளர்ந்த வீடு எங்களுடையது. திட்டமோ என்னைக் கோணல் கோடு போட அனுப்பியது. விஷயம் சுலபமானதுதான். சரிவான நிலத்தில் மழைத் தண்ணீர் மேல்மண்ணை அடித்துக்கொண்டு ஓடும். குறுக்கே மண்ணைக் கொட்டி வரப்புப் போட்டால் தண்ணீர் நின்று நிலத்துக்குள் இறங்கும், மண்ணும் தங்கும். ஆனால் அந்த வரப்பு முழுக்க ஒரே மட்டத்தில் போக வேண்டும். ஓரிடம் தாழ்ந்தால் தண்ணீரெல்லாம் அங்கே கூடி உடைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே நிலம் வளைகிற மாதிரி வரப்பும் வளையும். யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்பதைப் பற்றி அது கவலைப்படாது.

மட்டம் பார்க்கத்தான் இந்தக் குழாய். உள்ளே தண்ணீர் ஊற்றி, இரண்டு முனையையும் அளவுக்கோடு போட்ட இரண்டு கழிகளில் கட்டியிருப்போம். ஒரு கழியை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்னொன்றை நிலத்துக்காரர் பிடித்துக்கொண்டு நகர்வார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே கோட்டில் வந்து நிற்கிற இடத்தில் ஒரு பிடி சுண்ணாம்பு. இப்படியே பிடி பிடியாக ஒரு வெள்ளைக் கோடு சரிவின் குறுக்கே வளைந்து போகும்.

கன்னியம்மா நிலத்தில் அன்று இரண்டாவது கழியைப் பிடித்தது கன்னியம்மாதான். நாற்பது வயது இருக்கலாம். ஒல்லி, கழியைவிடக் கொஞ்சம்தான் பருமன். குன்றடியில் இருந்த அந்த நிலம், நிலமில்லாதவர்களுக்கென்று அரசு பட்டா எழுதிக் கொடுத்தது. அதற்கு முன் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மேல் துண்டு அண்ணனுக்கு, கீழ்த் துண்டு தம்பிக்கு. அண்ணன், கன்னியம்மாவின் புருஷன். தம்பி குப்பன்.

அண்ணன் சீக்கிரமே இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு ஊர்ப் பெரியவர்கள் கூடி, பொம்பளை தனியாக என்ன பயிர் வைப்பாள், தம்பியே இரண்டையும் சேர்த்து உழுதுகொள்ளட்டும் என்று பேசினார்களாம். குப்பன் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அதைத்தான் கன்னியம்மா மறக்கவில்லை. அடுத்த மழைக்கு வேற்றூரிலிருந்து இரவல் மாடு ஓட்டிவந்து, தானே மேழியைப் பிடித்து உழுதாள். பொம்பளை ஏர் பிடித்தால் மழை நின்றுவிடும் என்றார்கள். மழை நிற்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கும் கொழுந்தனுக்கும் பேச்சு நின்றது.

“ஏரு போன எடந்தான் நம்ம எடம் பாப்பா. பேப்பரெல்லாம் அதுக்கப்பறம்” என்பாள் என்னிடம்.

சுண்ணாம்புக் கோடு கிழக்கு மூலையில் அவள் நிலத்தின் கீழ் எல்லையிலேயே தொடங்கியது. மேற்கே போகப் போக எல்லையை விட்டு விலகி, நிலத்துக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. கன்னியம்மா நின்றுவிட்டாள். கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கும் குப்பன் நிலத்துக்கும் நடுவே ஒரு முக்கோணம் விட்டுப்போயிருந்தது.

“இன்னா பாப்பா இது, கோணலா போவுது?”

“தண்ணி மட்டம் அப்படித்தான்மா போகுது.”

“தண்ணி சொல்லிச்சா? தண்ணிக்கு யாரு பட்டா குட்த்தாங்க?”

நான் தெலுங்கில் இன்ஜினீயரிடம் சொன்னேன். பிரசாத் சார் நல்ல மனிதர், இளைஞர். தலைவலி வந்தால் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்வார். விசிறிக்கொண்டே, வரப்பு மண்ணைக் காப்பாற்றத்தான், எல்லை எங்கிருந்ததோ அங்கேயேதான் இருக்கும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ நகரில பொறந்தவ. உனுக்கு தெரியாது. வரப்புன்னா அதோட நெலம் முடிஞ்சிப்போச்சின்னு அர்த்தம். நாங்க கூலிக்கு போன எடத்துலல்லாம் வரப்ப தாண்டி காலு வெச்சா ஒத விழும். இன்னிக்கு இத்த போடுவீங்க. நாளைக்கு கீயே கீறவன், இது என்னுதுன்னுவான். சாரு வந்து நிப்பாரா? அவுரு அதுக்குள்ள ட்ரான்ஸ்பராயி பூடுவாரு.”

இதையும் தெலுங்கில் சொன்னேன். சார் விசிறுவதை நிறுத்திவிட்டு, “அது நிஜமே” என்றார்.

வரப்பு எல்லை இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். எழுதித் தர அவருக்கு அதிகாரம் இல்லை. அது வேறு ஆபீசின் வேலை. அந்த ஆபீசில் கேட்டால், போடாத வரப்புக்கு எப்படி எழுதித் தருவது, முதலில் போடட்டும் என்றார்கள். சித்திரை வெயிலில் வரப்புப் போட்டோம். கன்னியம்மாவும் கூலிக்கு வந்து, தன் நிலத்தில் தானே மண் சுமந்து கொட்டினாள். அதுவரை எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆடியில் முதல் உழவு. மறுநாள் நாங்கள் போனபோது வரப்பின் நடுவே ஒரு வாய் திறந்திருந்தது. ஏரும் மாடும் போகிற அகலத்துக்கு மண்ணை வெட்டி இறக்கி, மேலே இருந்து கீழே முக்கோணம் வரைக்கும் ஒரே சாலாக உழுதிருந்தாள். வரப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே ஏர் போயிருக்கிறது என்று ஊர் பார்க்க வேண்டும். அதற்காகத்தான். முக்கோணத்தைத் தனியாக உழுதால் ஆகாதா என்று நான் கேட்டேன். “தனியா உழுதா அது தனி நெலம்னு ஆய்டும்” என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் கணக்கில் தப்பில்லை. தண்ணீரின் கணக்குதான் வேறு.

சார் ஆள் வைத்து வாயை அடைத்தார். களை எடுக்கிற சமயத்தில் அது மறுபடியும் திறந்திருந்தது. அடைத்தோம். கடலை பிடுங்கியதும் திறந்தது. “ஏமம்மா, மள்ளி தெரிச்சேசாவா?” என்று, மறுபடியும் திறந்துவிட்டாயா என்று, சார் தொப்பியும் கையுமாக நிற்பார். கன்னியம்மா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு எங்கோ பார்ப்பாள். வேலையாட்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. “கன்னிம்மா, உம்மாடு வரப்பு தாண்ட நல்லா பழகிக்கினுச்சி. சர்க்கஸ்ல சேத்து உட்டுட்டா நீ உக்காந்து துன்னலாம்” என்பார்கள். “மொதல்ல உன்ன சேக்கறேன், கூண்டு ரெடியா கீது” என்பாள் அவள்.

நான் எடுத்துவைத்த தாளில் இருப்பது இந்தச் சமயம். கொள்ளு விதைப்புக்கு அவள் நிலத்தை உழுத வியாழக்கிழமை. அதற்குப் பிறகு சில தாள்களில் ‘மழை’, ‘மழை’, ‘பஸ் இல்லை’ என்று மட்டும் இருக்கிறது.

கடலில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டதும் முதல் பஸ்ஸில் ஏறி, இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். தண்ணீர் அந்த வாயைக் கண்டுபிடித்திருந்தது. மேல் சரிவின் தண்ணீரெல்லாம் வரப்போரமாக ஓடிவந்து அங்கே கூடி, கீழே முக்கோணத்தின் நடுவில் ஆள் இறங்குகிற ஆழத்துக்குப் பள்ளம் பறித்துக்கொண்டு போயிருந்தது. கன்னியம்மாவின் மேல்மண், எருவடித்துப் பக்குவம் பண்ணிய மண், குப்பன் நிலத்தில் விசிறி மாதிரி பரவிக் கிடந்தது. குப்பன் முன்னாலேயே விதைத்து முளைத்திருந்த கொள்ளு அதற்கு அடியில்.

கன்னியம்மா கூடையோடு குப்பன் நிலத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். மண்ணை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். குப்பன் நிலத்தின் ஓரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. சுற்றிலும் கால்வாசி ஊர். நான் போனதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் புரிந்தது, தெலுங்குக்கும் தமிழுக்கும் நடுவே நின்றது போதாமல், பேச்சு நின்றுபோன அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் நடுவிலும் நான்தான் நிற்க வேண்டும் என்பது. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

“பாப்பா,” என்றார் குப்பன், “அந்தம்மாவ கேளு. எங்கொள்ளு மேல நட்க்கறது கண்ணு தெரிலயான்னு.”

“கொள்ளு எங்க கீது? எம்மண்ணுதான் கீது. எம்மண்ணு மேல நான் நட்க்கறேன். சொல்லு அவங்கிட்ட.”

“மண்ணு தானா நட்ந்து வந்துச்சா? அந்தம்மா வெட்டி உட்ட வழியிலதான வந்துச்சி. மண்ண எட்த்துக்கினு போவட்டும். எங்கொள்ள யாரு திருப்பி குடுப்பாங்க, கேளு.”

“எதுக்கு வெட்டனேன்னு கேக்க சொல்லு அவன. வரப்ப மூடி வெச்சா, கீய கீற துண்டு நாளைக்கு யாரு கைக்கு போவும்?”

அதற்குள் பிரசாத் சாரும் வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு மெதுவாக என்னிடம் தெலுங்கில், மண்ணைத் திருப்பிக் கொடுப்பதற்கு எஸ்டிமேட்டில் இடமில்லையே என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

குப்பன் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். பிறகு என் தலைக்கு மேலாக, நேராக அவளைப் பார்த்துச் சொன்னார்.

“நான் எப்ப கேட்டேன் அண்ணி?”

வேலையாட்களில் ஒருத்தி வாயில் புடவையை வைத்துக்கொண்டாள். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து ‘அண்ணி’ என்ற சொல் வந்து ஊர் கேட்டதில்லை.

கன்னியம்மா கூடையைக் கீழே வைக்கவில்லை. “கேக்கல. அன்னிக்கும் நீ ஒண்ணும் கேக்கல. வேணாம்னும் சொல்லல. பேசாம உக்காந்துக்கினு இருந்த. பேசாம இருக்கறவன் மன்சுக்குள்ள யாரு பூந்து பாக்கறது?”

குப்பன் மறுபடியும் அதே மாதிரி வாயடைத்து நின்றுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் நடந்து வந்து அவள் இடுப்பிலிருந்த கூடையை வாங்கினார். குனிந்து, கையால் மண்ணை வாரி, கூடையை நிரப்பினார். துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு, வழுக்குகிற சேற்றில் மேலே ஏறி, முக்கோணத்தில் பறித்திருந்த பள்ளத்தில் அதைக் கொட்டினார்.

“இது உங்க மண்ணு. இது உங்க எடம். ஊரே பாத்துக்கினு கீது” என்றார். வெறும் கூடையோடு திரும்பி வந்தவர், “வாய மூடிடுங்க. வரப்பு வாய சொன்னேன்” என்றார்.

முதலில் சிரித்தது கன்னியம்மாதான். அன்று பொழுது சாயும்வரை எல்லோரும் சுமந்தார்கள். யாரும் கூலி கேட்கவில்லை. சாரும் இரண்டு நடை சுமந்தார். மூன்றாவது நடையில் சறுக்கி விழுந்து, மிச்ச நேரம் கல் பொறுக்கிக் கொடுத்தார். வரப்பின் வாயில் கல் அடுக்கி மண் போட்டு மூடினோம். சில நாள் கழித்துக் குப்பன் கல்குவாரியிலிருந்து ஒரு துண்டுக் கல்லை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, முக்கோணத்தின் கீழ்ப்பக்கம், மேற்கு மூலையில், உண்மையான எல்லையில் நட்டார். ஆபீசுக்கு அந்தக் கல் தெரியாது. ஊருக்குத் தெரியும். அதன்பிறகு கன்னியம்மாவின் ஏர் வரப்பை வெட்டவில்லை. முக்கோணத்தைத் தனியாகவே உழுதாள். இரண்டு வருடத்தில் வரப்போரம் புல் பிடித்தது, புங்கங்கன்று வேர் பிடித்தது, திட்டம் முடிந்தது, எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாபகத்துக்கு நான் ஒரு முழம் குழாய் வெட்டிக்கொண்டு வந்தேன்.

இந்த முறை திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாகப் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியாமல் இரண்டு ஊருக்கு முன்னாலேயே எழுந்து படியருகில் நின்றேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திருப்பதிக்குப் பக்கத்துச் சந்திரகிரிக் கோட்டையைப் பற்றி, அதை யார் யார் ஆண்டார்கள், யார் எல்லை எதுவரை இருந்தது என்று நான் படித்த புத்தகங்கள் ஒரு அலமாரி தேறும். எந்த ராஜாவின் எல்லையைக் கேட்டாலும் தேடிச் சொல்லிவிடுவேன். கன்னியம்மாவின் கீழ் எல்லை எங்கே என்று கேட்டால், என் தாள்களில் களியும் துவையலும்தான் இருக்கின்றன.

கன்னியம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். குப்பன் இறந்து சில வருடமாகிறது. பிரசாத் சார் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியவில்லை. அன்று மண் சுமந்தவர்களில் மிச்சமிருப்பவர்கள் பிள்ளைகளோடு சென்னைப் பக்கம் போய்விட்டார்கள்.

“வந்துட்டியா. கடல புடுங்கன பொண்ணு” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “பாத்தியா. அன்னிக்கே சொன்னேன். அவன் கேக்கல, அவன் புள்ள கேக்கல. கல்லு மட்டும் வந்து குந்திக்கிச்சி.”

அரசாங்கத்தில் நிலங்களையெல்லாம் புதிதாக அளக்கிறார்கள். கல்லை யார் நட்டார்கள், மேலேயிருந்து எடுத்த படத்தைப் பார்த்தா, தரையில் அளந்தா என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிறது வரப்பு மட்டும்தான். பச்சைக் கோடாக, மரத்தோடு, அழகாக. அதையே எல்லை என்று எடுத்துக் கல் நட்டுவிட்டார்கள், முக்கோணம் குப்பன் பக்கம் போய்விட்டது. அந்தச் சரிவில் இத்தனை மழைக்குப் பிறகும் நிற்கிற நல்ல வரப்பு அது. நன்றாகப் போட்டதுதான் இப்போது வினையாக வந்திருக்கிறது. செல்வி பட்டாவைக் காட்டினாள். ‘தெற்கே குப்பன் நிலம்’ என்று இருக்கிறது. குப்பன் மகன் மோகனிடம் இருக்கும் பட்டாவில் ‘வடக்கே அண்ணன் நிலம்’. இரண்டு தாளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆட்சேபம் இருந்தால் உடனே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எதை வைத்துச் சொல்வது? குவாரிக் கல் இருந்தால் அதைக் காட்டலாம். கல்லைக் காணோம்.

மோகன் ஸ்ரீசிட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். சீருடையோடு வந்து நின்றான். காலை மாற்றி மாற்றி வைத்தான், போனைப் பார்த்தான்.

“எனுக்கு அந்த எடம் வாணாம்க்கா. பெரிம்மா எடம்னு நைனா சொல்லிக்கினே இருப்பாரு. ஆனா நான் வாணாம்னு சொன்னா கம்ப்யூட்டர் ஒத்துக்குமா? கல்லு எங்கன்னு எனுக்கு மெய்யாலுமே தெரியாது. நான் பாத்ததே இல்ல.”

“உங்கப்பன் மாதிரி பேசாம குந்தாம வாயத் தொறந்து சொல்றியே, அது போதும்” என்றாள் கன்னியம்மா. “போயி தேடுங்க.”

போனோம். கீழே இப்போது மாந்தோப்பு. அதற்கும் கீழே, குப்பன் நிலத்தில் நாங்கள் போட்ட இரண்டாவது வரப்பு. அது தன் வேலையைச் செய்திருந்தது. வருடா வருடம் வந்த வண்டல் அதன் மேல்பக்கம் தேங்கித் தேங்கி, சரிவாக இருந்த நிலம் தட்டாகிவிட்டது. முக்கோணத்தின் மூலை இருந்த இடம் எது என்று பிடிபடவில்லை. புங்க மரத்திலிருந்து பார்த்தேன், குன்றின் முகட்டை வைத்துப் பார்த்தேன். அப்போது இடுப்புயரம் நின்ற கல். யாரும் பிடுங்கியிருக்க வேண்டியதில்லை. மண் போகக் கூடாது என்று ஊரே சேர்ந்து பாடுபட்டோம். போகாத மண் வந்து கல்லை மூடியிருக்கலாம். இதைச் சொன்னதும் செல்வி என்னைப் பார்த்த பார்வையில், கடலைக்கும் தகரைக்கும் வித்தியாசம் தெரியாதவள்தானே என்ற சந்தேகம் இருந்த மாதிரி பட்டது.

மோகன் கடப்பாரையை வாங்கி நான் காட்டிய இடங்களில் குத்திப் பார்த்தான். மண், மண், வேர், மண். கம்பெனி பஸ் வந்துவிடும் என்றான், ஆனாலும் குத்தினான். மாமரத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் கடப்பாரை ணங்கென்று நின்றது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மண்டியிட்டுக் கையால் தோண்டினோம். கொஞ்சம் ஆழத்தில் தண்ணீர் ஊறி, தோண்டத் தோண்டக் குழி இடிந்து விழுந்தது. போன வாரம் பெய்த மழை அங்கேயே இறங்கி நிற்கிறது. அந்தச் சரிவில் நான் முதலில் கால் வைத்தபோது ஐப்பசியிலும் ஒரு முழத்துக்குக் கீழே புழுதிதான் இருக்கும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு ஆத்திரமாக வந்தது.

பஸ் ஹாரன் கேட்டது. “ஞாயித்துக்கெழம லீவு, நானே தோண்டறேன்க்கா” என்று மோகன் கையை உதறிக்கொண்டு ஓடினான். நான் ஒரு மாங்கொம்பை ஒடித்துக் குழியில் நட்டு, பையிலிருந்த குழாய்த் துண்டை அதில் முடிச்சுப் போட்டேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. நைனா இழை அறுந்த இடத்தில் நூல் கட்டி வைப்பார், பிறகு தேட வேண்டாமே என்று.

திரும்பி வந்து சொன்னதும் கன்னியம்மா தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, “அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான் பாப்பா. குப்பன் தலைல மண்ணு சொமந்தத அத்தன பேரு பாத்தாங்க. இப்ப நீயும் நானுந்தான் கீறோம்” என்றாள்.

அதுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் குடைந்தது. வரப்பு இருக்கிறது, மண் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. ஒருவர் கூடையைத் தலையில் ஏற்றினால் அதையே எழுதிக் கொடுத்த நிலப்பத்திரமாக ஏற்றுக்கொண்டு சுற்றி நின்ற அந்தக் கூட்டம் போய்விட்டது.

அந்த ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு மோகனுக்கு இரட்டை ஷிப்ட். புதிய வரைபடத்தை இன்னும் யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. கடப்பாரை பட்டது குப்பன் நட்ட குவாரிக் கல்லா, அந்தக் குன்றடியில் எங்கே குத்தினாலும் கிடைக்கிற வேறொரு பாறையா என்பது இதை எழுதுகிற இன்றுவரை, வியாழக்கிழமை, உறுதியாகவில்லை.